மழை நாட்டில் தொட்டிச் செடி

வீட்டிலேயே காய்கறி பயிரிட வேண்டுமென்ற ஆசையோடு என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களுள் பெரும்பாலோர், எந்த விதை உயர்ந்தது, எந்த உரம் மலிவு என்றெல்லாம் சிரத்தையோடு விசாரிக்கிறார்களேயன்றி, தாங்கள் குடியிருக்கும் ஊரில் மழை எந்த மாதங்களில் மிகுகிறது, பெய்த நீர் தொட்டியை விட்டு எப்படி வெளியேறப் போகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களும் காணொளிகளும் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கின்றன. அந்த உபதேசம் அந்த மண்ணுக்கும் அந்தக் காற்றுக்கும் முற்றிலும் பொருந்துவதே. ஆனால் ஆண்டுச் சராசரி மழை 1,000 மில்லிமீட்டரை எட்டாத ஒரு தேசத்தின் விவசாய ஞானத்தை, 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஈப்போவிலும், மலேசியத் தீபகற்பத்தின் மிக ஈரமான ஊர்களில் ஒன்றென்று பெயர்பெற்ற தைப்பிங்கிலும் அப்படியே அனுசரித்தால், விதைத்தவருக்கு மனக்கிலேசமே மிஞ்சும். அங்கே வறட்சியிலிருந்து செடியைக் காப்பாற்றுவது கலை. பேராக்கில் மழையிலிருந்து வேரையும் எருவையும் காப்பாற்றுவதே கலை என்பது, பல வருஷப் பயிற்சியில் எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம்.

சுங்கை சிப்பூட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஈப்போவில் ஒரு தாமான் வீட்டின் சிமெந்துத் தரைமீது தொட்டிகளை வைத்துப் பயிர் செய்கிறவன் ஆகையால், மண்ணோடும் சிமெந்தோடும் எனக்குப் பரிச்சயம் உண்டு. லயத்து வீடுகளின் பின்புறத்தில் காய்கறி விளைந்தது தற்செயலாக நேர்ந்ததன்று. குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஏறத்தாழ 2,700 சதுர அடி வரும் அந்தத் துண்டு நிலம் எல்லாத் தோட்டங்களிலும் எல்லாருக்கும் ஒழுங்காகக் கிடைத்ததென்று சொல்லமாட்டேன். கிடைத்த இடங்களில் அது ஒரு குடும்பத்தின் குழம்புக்கும் கீரைக்கும் போதுமானதாக இருந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி அரிதாகிவிட, மரவள்ளிக் கிழங்கே உயிரைக் காத்ததென்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கிழங்கு விளைந்ததும் இத்தகைய கொல்லைகளில்தான்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்து ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, நடுப்பகலுக்குமேல் வீடு திரும்பும் என் தாயாரும் அவரை ஒத்த பெண்களும், அதன் பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்குவார்கள். அவர்களுக்கு எழுத்தறிவு சொற்பம். ஆனால் எந்த மேகம் பெய்யும், எந்த மேகம் கடந்து போகும் என்பதும், எந்தக் கீரையை எத்தனை நாளில் கிள்ள வேண்டுமென்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாக்கி விற்கத் தொடங்கிய காலத்தில், சுங்கை சிப்பூட்டில் பிறந்தவரான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். அந்த அரிய முயற்சிக்குப் பின்னும் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிப்போக, ஜனங்கள் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தார்கள். அந்தப் பெண்களின் பயிர் ஞானத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. நான் இங்கே சொல்லப்போகிறவற்றில் பெரும்பகுதி அவர்களிடமிருந்து கற்றதே.

முதலில், எதைப் பயிரிடுவதென்ற தீர்மானம். கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நட்ட ரப்பர் கன்றுகளுள் ஒன்று பெருமரமாகி இன்றும் நிற்கிறது. பிரேசில் தேசத்து மழைக்காட்டு மரமொன்று இத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்து இங்கே வேரூன்றியதற்குக் காரணம், இரண்டு பிரதேசங்களும் பூமத்திய ரேகையை ஒட்டிய, வெப்பமும் ஈரமும் நிறைந்த பிரதேசங்களாக இருந்ததே. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த நியாயத்தைப் பின்பற்றினால் போதும். முட்டைக்கோஸும் காரட்டும் கேமரன் மலையின் குளிரில் செழிப்பவை. அங்கிருந்து லாரியில் இறங்கி வந்து நம் பசாரில் கிடைக்கின்றன. அவற்றைக் கீழே, 33 பாகை வெயிலில், தொட்டியில் வளர்க்க முயல்வது வீண் பிரயாசை. இந்தச் சீதோஷ்ணத்தை விரும்பி ஏற்கும் பயிர்களோ ஏராளம்: முளைக்கீரை, கங்கோங் கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, வெண்டை, பயித்தங்காய், கத்தரி, சிலி பாடி மிளகாய், கறிவேப்பிலை.

இவற்றிலும் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வது கங்கோங்கும் முளைக்கீரையும். விதைத்த மூன்று நான்கு வாரங்களில் அறுவடை கைக்கு வந்துவிடுவதால், உற்சாகம் தணிவதற்குள் பலன் தெரிகிறது. கங்கோங்கை வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டு கணு விட்டு அரிந்தால் மறுபடியும் துளிர்க்கும். பசாரில் வாங்கிய கட்டின் முற்றிய தண்டுகளை ஈரமண்ணில் ஊன்றினாலே வேர் விடும். அவற்றுக்கு அடுத்தபடி வெண்டை. நாற்றுவிட்டு நடுவதைவிட நேரே தொட்டியில் ஊன்றுவது உசிதம். ஐம்பது நாளுக்குள் காய்க்கத் தொடங்கும். பூ விரிந்த நான்கைந்து நாளில் பறித்துவிட வேண்டும், தாமதித்தால் நாராகிவிடும். மிளகாயையும் கத்தரியையும் கீரையில் கை பழகிய பிறகே தொடுவது நல்லது. அவை மாதக்கணக்கில் கவனத்தைக் கேட்பவை.

சாயூர் மானிஸ் என்று இந்நாட்டில் வழங்கும் தவசிக் கீரையைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் பிழைத்துக்கொள்ளும். சற்று நிழலிலும் வளரும். முட்டையோடு வதக்கினால் ருசி அபாரம். ஆனால் உடல் இளைப்பதற்கென்று அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலர், 1990-களின் நடுப்பகுதியில் தைவானில், மூச்சுக்குழல்கள் அடைபட்டுத் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். சமைத்து அளவோடு உண்பதே நம் பெரியோர் கண்ட வழக்கம். அதை மீறி எவரும் பச்சையாக அரைத்துக் குடிக்க வேண்டாமென்று மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

தொட்டிக்காகப் பணத்தை வாரியிறைப்பது அநாவசியம். பசாரில் மீன் வந்திறங்கும் வெள்ளைப் போலிஸ்திரின் பெட்டிகள் கீரைக்கு மிகப் பொருத்தமானவை; ஒரு சாண் ஆழம் இருந்தால் கீரைக்குத் தாராளம். மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள பாத்திரமோ, செம்பனை நாற்றங்காலில் உபயோகிக்கும் கறுப்புப் பாலிபேக்கோ வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பாராகுவாட் முதலிய விஷ மருந்துகள் இருந்த டின்களை வெகுகாலம் ஜனங்கள் கழுவித் தண்ணீர் பிடிக்கவும் செடி வைக்கவும் உபயோகித்ததை நான் கண்டிருக்கிறேன். பாராகுவாட்டை இந்நாடு 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. எனினும் பழைய டின்கள் இன்னும் கொட்டகை மூலைகளில் கிடக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் உணவுப் பயிர் வைக்கலாகாது.

மண்ணைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஈயம் எடுத்துக் கழித்த கிந்தாப் பள்ளத்தாக்கு நிலங்களில் வெறும் மணலே மிஞ்சியிருக்கிறது. எரு போட்ட மறுநாளே அது கீழே இறங்கிவிடும். மாறாக, பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண் நீரைப் பிடித்துக்கொண்டு, காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். அதில் புளிப்புத் தன்மையும் மிகுதி. இந்த இரண்டையும் அப்படியே தொட்டியில் இட்டால் பிரயோஜனமில்லை. இந்நாட்டு நர்சரிக்காரர்கள் வெகுகாலமாகக் கையாளும் விகிதம், மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. மழை மிகுந்த நம் ஊரில், மணலின் ஸ்தானத்தில் பாதியளவு கருக்கிய நெல் உமியைச் சேர்ப்பது என் வழக்கம். கிரியான் வட்டாரத்து நெல் ஆலைகளிலிருந்து வரும் உமி பேராக்கில் சுலபமாகக் கிடைப்பது. கருக்கிய உமி எடை குறைந்தது, மண்ணை இறுகவிடாமல் காற்றோட்டம் தருவது. கோலா செப்பாத்தாங் சூளைகளில் மரக்கரி வாங்கியவர்கள், பையின் அடியில் மிஞ்சும் கரித்துண்டுகளை இடித்துக் கலந்துகொள்ளலாம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கினால் நீர் நன்றாக வடியும் என்பது எங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. கல்லடுக்குக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேர் பரவ வேண்டிய மண்ணின் ஆழமும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். ஆகவே கல்லை விட்டுவிட்டு, அடியில் நான்கைந்து துளைகள் போட்டு, தொட்டியை இரண்டு செங்கல்மீது தூக்கி வையுங்கள், அதுவே போதும். புளிப்பு மண்ணுக்கு ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளே மருந்து: சிம்பாங் பூலாய்ப் பகுதிக் கல்லுடைப்புகளில் பொடியாக்கி வரும் விவசாயச் சுண்ணாம்பை ஒரு தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கலந்து, இரண்டு வாரம் கழித்தே எருவிட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால், எருவிலுள்ள சத்து ஆவியாகக் காற்றில் போய்விடும். கோழி எருவைப் புதிதாக இட்டாலோ வேர் வெந்துபோகும். நாற்றம் முற்றிலும் அடங்கி, மண்வாசனை வந்த பிறகே அது தொட்டிக்கு உகந்தது.

இனி, மழையின் விஷயத்துக்கே வருகிறேன். பெருமழையொன்று பெய்து ஓய்ந்தபின் தொட்டியின் அடித்துளையிலிருந்து வடியும் பழுப்பு நீரைக் கவனித்தவருக்கு, அது வெறும் நீரன்று, தாம் இட்ட உரத்தின் சாரமே என்பது விளங்கும். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுப் பாட்டி ஒருவர், “மழ இருட்டிக்கிட்டு வர்ற அன்னிக்கு ஒரம் போடாதய்யா, அது செடிக்குப் போகாது, ஆத்துக்குத்தான் போகும்” என்று என்னிடம் சொன்னதுண்டு. உரத்தைப் பற்றி அதற்குமேல் சுருக்கமாக எந்த நூலும் சொல்லி நான் படித்ததில்லை. பொதுவாக ஈப்போவில் வெயில் ஏறி, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலைக்குள் கொட்டித் தீர்ப்பது வழக்கமாதலால், நீரூற்றுவதையும் உரமிடுவதையும் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை கைநிறைய அள்ளிப் போடுவதைவிட, பன்னிரண்டு பதினான்கு நாட்களுக்கு ஒரு முறை, 15:15:15 என்று பையில் அச்சிட்ட கலப்பு உரத்தை ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி மட்டும், தண்டைத் தொடாமல் விளிம்பை ஒட்டி இடுவது மேல். பூக்கத் தொடங்கிய மிளகாய்க்கும் கத்தரிக்கும் 12:12:17 உரத்துக்கு மாறலாம். உர மூட்டையே வேண்டாமென்பவர்கள், வாரந்தோறும் ஒரு பிடி மக்கிய எருவை மேலே தூவி வரலாம்.

மண்ணை வெறுமையாக விடலாகாது என்பது ரப்பர் தோட்டமே எனக்குக் கற்பித்த பாடம். மறுநடவு செய்த இளம் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே, பியுரேரியா, சென்ட்ரோசீமா போன்ற பயறினக் கொடிகளை நிர்வாகம் விதைத்து நிலம் முழுவதையும் மூடச் செய்யும். சரிவுகளில் மழையின் அறை நேரே மண்ணில் விழாமல் தடுப்பதோடு, அவை வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். தொட்டியிலும் இதே தத்துவம் செல்லும். காய்ந்த புல்லையோ சருகையோ இரண்டு விரற்கடை கனத்துக்கு மேலே பரப்பிவிட்டால், மழைத்துளி தெறித்து இலையில் சேறு படிவது நிற்கும். கீரையின் நோய்களில் பாதி அந்தச் சேற்றின் மூலமாக வருபவை. கீரை அறுத்து ஓய்ந்த பெட்டியில் அடுத்த பயிராகப் பயித்தங்காயை ஊன்றுவதும், பயறினம் தழைச்சத்தைச் சேர்க்கும் என்ற அந்த நியாயத்தைக் கருதித்தான். ஆறடிக் கம்பு ஒன்றும் சுவரோரமும் இருந்தால் அது தானே ஏறிக்கொள்ளும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதை இந்த ஊரில் நான் ஒப்புவதில்லை. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாளே போதும். அதன் முட்டைகள் நீர் வற்றிய பின்னும் தட்டின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரியும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு காணப்பட்டால் அபராதமும் உண்டு. அடுக்குமாடியில் கீழ்வீட்டின்மீது நீர் சொட்டுமே என்று தட்டு வைத்தே ஆக வேண்டியவர்கள், அதில் மணலை நிரப்பி வைத்து, வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு விஷயம். நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை கூட வடக்கே இல்லாதபடியால், சூரியன் ஏப்ரல் தொடக்கத்தில் உச்சியைக் கடந்து, செப்டம்பர் நடுப்பகுதி வரை நமக்கு வடக்கே சஞ்சரிக்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. ஜனவரியில் வெயில் நிறைந்திருந்த தெற்கு மாடம் ஜூனில் நிழலாகிவிடுவதும், அங்கே காய்த்துக்கொண்டிருந்த மிளகாய் திடீரென்று நின்றுபோவதும் இதனாலேயே; பலர் அதை உரக்குறையென்று நினைத்து மேலும் மேலும் உரமிடுகிறார்கள். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். கிழக்குப் பார்த்த மாடம் வருஷம் முழுவதும் காலை வெயில் பெறுவது. அதைப் பெற்றவர் பாக்கியசாலி.

நோய்களில் மிகக் கொடியது கத்தரிக்கும் தக்காளிக்கும் வரும் வாடல். நேற்று மாலை வரை பசுமையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலேயே ஒரே நாளில் தொய்ந்து விழும். தண்டின் அடிப்பகுதியை அரிந்து, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் இழைகள் இறங்கினால், அது மண்ணில் வாழும் பாக்டீரியாவின் வேலை. அதற்கு மருந்து கிடையாது. அந்த மண்ணில் மறுபடி கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் வைக்காமல், கங்கோங்குக்கோ வெண்டைக்கோ விட்டுவிட வேண்டும். ஆனால் முன்கூட்டியே செய்யத்தக்க ஓர் உபாயம் உண்டு: இந்த வாடலைத் தாங்கும் சுண்டைக்காய்ச் செடியின் வேர்மீது கத்தரியை ஒட்டுவது. கைவிடப்பட்ட தோட்டங்களின் ஓரங்களில் சுண்டை தானாகவே முளைத்துக் கிடக்கிறது. சுண்டைக் கன்றின் தண்டு கத்தரி நாற்றின் தண்டளவு பருத்ததும், அதன் தலையை வெட்டி, நடுவே பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய கத்தரி நுனியைச் செருகி, இறுகக் கட்டி, பிளாஸ்டிக் பையால் மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டிய கைகள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கின்றன; அவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டால், பார்த்த மாத்திரத்தில் கத்தி பிடிக்கும் விதம் வந்துவிடும். அவர்களும் மனமகிழ்ந்து சொல்லிக்கொடுப்பார்கள்.

நோய்க்கு அடுத்தபடி தொல்லை தருபவை ஈயும் நத்தையும். பாகற்காய் விரல் நீளமானதும் செய்தித்தாளால் சுற்றிவிட்டால் பழ ஈ தீண்டாது. இரவில் வரும் ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கையுறை அணிந்தே பிடித்தகற்ற வேண்டும். மூளையைத் தாக்கும் ஒரு புழு அதன் உடலில் இருக்கக்கூடும். அதே காரணத்தால், நத்தை ஊர்ந்த கீரையை ஓடும் நீரில் இலையிலையாகக் கழுவிச் சமைப்பது அவசியம்.

தொடங்குவதற்குரிய காலம் எதுவென்றால், தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் வேண்டாம்; அவை ஈப்போவில் மழை உச்சத்திலிருக்கும் மாதங்கள். டிசம்பரில் மிளகாய், கத்தரி விதைகளைத் தாழ்வாரத்தின் கீழ் நாற்றுவிட்டு, பொங்கல் கழிந்து மழை சற்று ஓய்ந்ததும் தொட்டிக்கு மாற்றினால், ஏப்ரலில் மறுமழை வலுப்பதற்குள் செடி வேர்பிடித்துக் காய்ப்புக்கு வந்துவிடும். அது தவறினால் ஜூன், ஜூலை. கீரைக்கோ எந்த மாதமும் சம்மதமே. பெருமழைக் காலத்தில் பெட்டிக்குமேல் ஒரு கொசுவலையை இழுத்துக் கட்டினால் துளியின் வேகம் தணியும். முதல் போகத்தில் நன்றாகக் காய்த்த வெண்டையில் இரண்டு காயைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு, விதையெடுத்து, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி போட்ட கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள்; காற்றின் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ள, விதை அடுத்த நடவு வரை கெடாமலிருக்கும். கறிவேப்பிலை விதையை மட்டும் இவ்வாறு சேமிக்க முடியாது. பழுத்த சில வாரங்களிலேயே அது முளைக்கும் சக்தியை இழந்துவிடுமாதலால், சதையை நீக்கியவுடன் ஊன்றிவிட வேண்டும்.